ஒன்பதாம் எண் பரதேசி

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நாற்பது நாள் விரதமான லெந்து காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் எதையாவது விட்டுவிட வேண்டும். போன வருஷம் மீனை விட்டேன். மூன்றாம் வாரத்தில், கருவாடு மீனில் சேராது என்று ஒரு வியாக்கியானம் எனக்குக் கிடைத்தது. இந்த வருஷம் எதை விடலாம் என்று எமீமாளிடம் கேட்டேன். தோசையைத் திருப்பிக்கொண்டே, "நாக்கை விடுங்க," என்றாள். இருபத்தாறு வருஷமாக என் மனைவி. இப்படித்தான் பேசுவாள். நான் டீயை விடுவதாக முடிவு செய்தேன்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். ஆராதனை முடிந்ததும் ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், விடுறது கிடக்கட்டும். ஈஸ்டர் வரைக்கும் ஒரு நோட்டுல உள்ளத உள்ளபடி எழுதிட்டு வாங்க. யாருக்கும் காட்ட வேண்டாம்," என்றார். என்னிடம் மட்டும் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

உள்ளது உள்ளபடி: பெயர் ஆபிரகாம் நல்லதம்பி. வயது ஐம்பத்துநான்கு. மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். ஆலய நூலகச் செயலர். மாதத்தில் ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிப்பவர்; உச்சரிப்பு சுத்தம் என்று பேர். தூணுக்குப் பக்கத்தில் மூன்றாம் பெஞ்சு. உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையை விரித்துக்கொள்வேன், வேட்டி அழுக்காகக் கூடாது. ஒரே மகன் ஜெரின், இருபத்துமூன்று வயது, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கிறிஸ்துமஸ் அன்று காலையில் வீட்டைவிட்டுப் போனான். ஐம்பத்தொரு நாள் ஆகிறது. அவனைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 15

ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு மூடிவிடுகிறேன், இல்லாவிட்டால் நோட்டு ஓடாது போலிருக்கிறது. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு அவனை எழுப்பினேன். "நான் வரலப்பா. எனக்கு இதுல நம்பிக்கை போயிட்டு. பொய்யா வந்து உக்காரப் பிடிக்கல," என்றான். வீடு நிறைய விருந்தாள். எல்லார் முன்னாலும் நான் ஒரு சொல் சொன்னேன். வெளியே போகச் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என்ன சொல் என்பது முக்கியமில்லை, ஊரில் அப்பன்மார் எல்லாரும் பிள்ளைகளைச் சொல்கிற சொல்தான். அவனுக்கென்று எடுத்து வைத்த பிரியாணியை எமீமாள் மறுநாள் வரை மூடியே வைத்திருந்தாள். அவளோடு தினமும் போனில் பேசுகிறான். என்னோடு இல்லை. நானும் கூப்பிடுவதில்லை. மூடியாயிற்று.

இன்று சாயங்காலம் ஐயர் கூப்பிட்டுவிட்டார். "நம்ம வாலிபப் பிள்ளைங்க மந்திரக் கதையும் விண்வெளிக் கதையுமா வாசிக்குது. நம்ம நூலகத்துல அந்த மாதிரி என்ன இருக்கு சார்?" எங்கள் நூலகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு விளக்கவுரைகளும் ஒரு கரையான் புற்றும் இருக்கின்றன. "நம்ம விசுவாசத்தோட ஒட்டின மாயக்கதை, அறிவியல் கதை, தரமானதா ஒரு பன்னிரண்டு புத்தகம் ஈஸ்டருக்குள்ள தேடித் தாங்க. புது அலமாரி போட்டிருவோம்." ஒத்துக்கொண்டேன். முழுக்க முழுக்க வாலிபர் நலனுக்காக.

ஜெரின் பத்து வயதில் விண்வெளிக் கதைகளைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து வாசிப்பான் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நல்லதாக ஒன்று சிக்கினால் சென்னைக்கும் ஒரு பிரதி அனுப்பலாம் என்று மட்டும் எமீமாளிடம் சொன்னேன்.

"புத்தகம் போய் அவன்ட்ட என்ன சொல்லும்?" என்றாள்.

"நாம சொல்ல முடியாதத சொல்லும்."

"நாம எதச் சொல்லிப் பாத்தோம்?"

பள்ளிக்கூட வேலை இருக்கிறதென்று எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

சனிக்கிழமை. மூன்று கிறிஸ்தவப் புத்தகக் கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் "அறிவியல் கதை இருக்கா?" என்றதற்கு, படைப்பா பரிணாமமா என்று ஒரு கைப்பிரதி கொடுத்தார்கள். இரண்டாம் கடையில் "மாயக்கதை" என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீங்க எந்தச் சபை?" என்றார். மூன்றாம் கடையில் கிடைத்தது 'சந்திரனில் ஒரு சாட்சி'. அட்டையில் ராக்கெட்டும் சிலுவையும். தலைகால் புரியாத சந்தோஷத்தில் வெளியே நின்று ஒரு டீ குடித்துவிட்டேன். விரதம் நினைவுக்கு வந்தபோது கிளாஸில் கால்வாசிதான் மீதி. வீணாக்குவது பாவம்.

பிப்ரவரி 19

'சந்திரனில் ஒரு சாட்சி' முடித்தேன். விண்வெளி வீரன் நான்காம் பக்கத்தில் சந்திரனில் இறங்குகிறான், ஐந்தாம் பக்கத்தில் மனந்திரும்புகிறான். மிச்சம் தொண்ணூற்றாறு பக்கமும் பிரசங்கம். கேட்பதற்கு அங்கே ஒரு ஜீவன் கிடையாது. காற்றில்லாத இடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஜெபிக்கிறான்.

ஜெரின் இதை வாசித்தால் என்ன சொல்லுவான் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 24

தபாலில் வந்த இன்னும் இரண்டு. 'ரோபோவின் ரட்சிப்பு': ரோபோவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், தண்ணீர் பட்டுக் கருகிப்போகிறது, நீதி என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை. 'ஏழு வாசல் இராஜ்ஜியம்' மாயக்கதை. அதில் கெட்டவர்கள் எல்லாருக்கும் மூக்கு வளைந்திருக்கிறது, நல்லவர்கள் எல்லாரும் வசனமாகவே பேசுகிறார்கள். ஒருவனுக்குக்கூடப் பசிக்கவில்லை. சந்தேகமும் வரவில்லை. யாரும் யாரையும் தேடவில்லை.

எழுதுகிறவனுக்குப் பதில் முதலிலேயே தெரிந்துவிட்டால் கதை செத்துப்போகிறது. இதை வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நான் வீட்டில் பேசுகிற லட்சணம் இந்தப் புத்தகங்கள் மாதிரி இருக்கும் என்று எமீமாள் சொல்லுவாள். சொல்லட்டும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பன்னிரண்டுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை என்று ஐயரிடம் சொன்னேன். "அப்போ நாமளே எழுதுவோம்," என்றார். சபைக்குள் சிறுகதைப் போட்டி. நடுவர்கள் நானும் ஹெலன் ஞானதீபம் மிஸ்ஸும். மிஸ் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, எழுபது வயது, முகத்துக்கு நேரே பேசுகிறவர். விதிமுறை நான் எழுதினேன்: கதைகள் அச்சில் இருக்க வேண்டும், கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது. கதையில் எண் மட்டும். பெயர் ஒட்டிய உறையில் ஐயரிடம். அப்பழுக்கில்லாத விதிமுறை என்று நானே இரண்டு தடவை வாசித்து மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 27

நானும் ஒரு கதை தொடங்கினேன். 'செவ்வாயில் ஓர் உபதேசியார்'. மூன்று வரி எழுதி இரண்டை அடித்தேன். மீதி ஒரு வரியில் ஒற்றுப்பிழை.

மார்ச் 2

காலையில் இட்லி கல்லாக இருந்தது. எமீமாள் இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் இப்படித் தெறக்கே?" என்றேன். "ஆவி எந்தப் பக்கமா போவுதுன்னு பாக்கேன்," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஏங்க, வேற கிரகத்துல உள்ளதுங்களுக்கு வாய் இருக்குமா?" என்றாள். வாயில்லாத ஜீவன் இருக்க முடியாதென்று பத்து நிமிஷம் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டாள். என் பேச்சை அவள் இத்தனை கவனமாகக் கேட்டு நாளாயிற்று.

மார்ச் 5

பொதுத்தேர்வு மேற்பார்வை. கால் வலி. சாயங்காலம் வந்தபோது அடுக்களையில் எமீமாள் போனைப் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். "அது. சுவருக்கு வெளியே. போய் உட்கார்ந்தது. முற்றுப்புள்ளி." என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள். ஜெரினிடம்தான் பேசியிருப்பாள். சென்னைக்குப் போய்ப் பிள்ளைக்குத் தமிழே மறந்துவிட்டது போல, சொல்வதெழுதுதல் நடத்துகிறாள். 'எப்படி இருக்கான்' என்று கேட்க வாயைத் திறந்து, 'காபி இருக்கா' என்று கேட்டேன். காபியை நான் விடவில்லை.

மார்ச் 9

பதினான்கு கதைகள் வந்திருக்கின்றன. சிவப்புப் பேனாவுக்குப் புது ரீஃபில் போட்டேன்.

மார்ச் 11

ஒன்பதாம் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் 'சந்திரனில் ஒரு சாட்சி'யின் ஒன்றுவிட்ட தம்பிகள். ஒன்பதாம் எண்ணைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் கோபம் இன்னும் அடங்கவில்லை.

தலைப்பு 'பரதேசி'. ஆலயப் போட்டிக்கு அனுப்புகிற கதைக்கு வைக்கிற பெயரா இது. கதை இதுதான். சபையார் எல்லாரும் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று, ஆலயத்துக்குப் பின்னால் ஓலைக் குவியலில் வானத்திலிருந்து ஒன்று விழுகிறது. அதற்கு வாய் இல்லை. வாலிபர் சங்கம் கைப்பிரதி கொடுக்கிறது, அது வாங்கவில்லை. கமிட்டி ஆள் ஒருவர் வருகிறார். பெஞ்சில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து, அது எந்தச் சபை, எந்தச் சேகரத்தைச் சேர்ந்தது, ஞானஸ்நானச் சீட்டு உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார். அது பேசாமல் நிற்கிறது. "இந்தப் பரதேசியை வெளிய அனுப்புங்க," என்கிறார். அது சுவருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறது. சோறு வடிக்கிற பெண் ஒருத்தி அதைப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவை அண்டா மூடியைத் தூக்கும்போதும் அதன் முகம் இந்தப் பக்கம் திரும்புகிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அண்டாவைச் சுவரோரமாக நகர்த்தி மூடியைத் திறக்கிறாள். அது ஆவியைக் குடிக்கிறது. குடிக்கக் குடிக்க அதன் மேனி வெளிச்சமாகிறது. பந்தியில் இருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விடியுமுன் அது போய்விடுகிறது. கடைசி வரி: "அது இனி வராது என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் மூடியைத் திறந்தே வைத்தாள்."

நான் எழுதிய குறிப்புகள்: ஒன்று, எழுத்துப்பிழை முப்பத்தொன்று. இரண்டு, 'ஆவி' என்ற சொல்லைச் சபைக் கதையில் சமையலுக்குப் பயன்படுத்துவது சர்ச்சைக்கு இடம் தரும். மூன்று, மூடியைத் திறந்தே வைத்தால் சோறு வேகாது, அறிவியல் பிழை. நான்கு, கமிட்டி ஆள் பாத்திரம் மிகை, இப்படி ஓர் ஆள் எந்தச் சபையிலும் இருக்க முடியாது. ஐந்து, தலைப்பு வசைச்சொல். நிராகரிக்கப்படுகிறது.

மார்ச் 13

நடுவர் கூட்டம். ஹெலன் மிஸ் ஒன்பதுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருக்கிறார்.

"மிஸ், திறந்து வச்சா சோறு வேகாது. நீங்க இயற்பியல் படிச்சவங்க."

"அது வேகுததுக்காகத் திறந்து வைக்கல சார்," என்றார்.

"பரதேசின்னு தலைப்பு வச்சிருக்கு. கெட்ட வார்த்தை."

மிஸ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தமிழ் வாத்தியார் நீங்களா நானா?" என்றார். "கெட்ட வார்த்தையா நல்ல வார்த்தையான்னு யார் வாயில வருதுன்னு பாத்துத்தான் சொல்லணும்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் முதல் பரிசுக்குத் தகுதியான கதை எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. நூலகச் செயலர் என்ற முறையில் நானே கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 14

போட்டி முடிவை எமீமாளிடம் சொன்னேன். ஒன்பதாம் எண்ணை எப்படிக் கிழித்தேன் என்றும் சொன்னேன். "முப்பத்தொண்ணு பிழையா?" என்று மட்டும் கேட்டாள். மத்தியானம் ரசம் மட்டும்தான்.

மார்ச் 17, ஞாயிறு

உள்ளது உள்ளபடி எழுத வேண்டும்.

இன்று வேதபாடம் என் முறை. புதிய ஏற்பாட்டு நிருபம் ஒன்றிலிருந்து வாசகம். வழக்கம்போல வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை, முப்பது வருஷமாக வாசிக்கிறவனுக்கு ஒத்திகை எதற்கு. பீடத்தில் போய் நின்று, குரலைச் சரிசெய்துகொண்டு தொடங்கினேன். விசுவாசத்தில் நடந்த பழைய பிதாக்களைப் பற்றிய பகுதி. ஆபிரகாம் என்று என் பேர் வந்தது. சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் எனக்கு ஒரு பெருமை. அவன் வாக்குத்தத்தமான தேசத்திலேயே எப்படிக் குடியிருந்தான் என்று அடுத்து வருகிறது. அங்கே அந்தச் சொல் இருந்தது.

பரதேசி.

வாசித்துவிட்டேன். வாய் வாசித்துவிட்டது. ஒலிபெருக்கியில் அந்தச் சொல் ஆலயம் முழுக்க என் குரலில் போய்த் திரும்பி வந்தது. கிறிஸ்துமஸ் அன்று வாசலில் நின்று சொன்ன அதே குரல், அதே சொல். 'பரதேசிப் பயலே, வெளிய போ.' இதுதான் நான் சொன்னது. முக்கியமில்லை என்று எழுதி வைத்தேனே, அது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை வருகிறது. பிதாக்கள் எல்லாரும் தாங்களே தங்களை அந்தச் சொல்லால் சொல்லிக்கொண்டார்கள் என்று. அதை என்னால் வாசிக்க முடியவில்லை. சபை காத்திருந்தது. யாரோ இருமினார்கள். ஐயருக்கு உதவியாக நிற்கிற உபதேசியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, விழுந்தடித்து முடித்துவிட்டு இறங்கினேன். என் பெஞ்சுக்குப் போய்க் கைக்குட்டையை விரித்தேன். விரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

இப்படி ஓர் ஆள் எந்தச் சபையிலும் இருக்க முடியாது என்று எழுதியவன் நான்.

ஹெலன் மிஸ் இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அது அவருடைய இரக்கம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 18

ஒன்பதாம் எண்ணை மறுபடி வாசித்தேன். பேனாவை எடுக்காமல் வாசித்தேன். இரண்டரை மாதமாகக் கடை கடையாகத் தேடியது என் மேஜையில்தான் சிவப்பு மை பூசிக் கிடந்திருக்கிறது. (திருத்தம்: ஒரு மாதமாக. இரண்டரை மாதம் வேறொரு கணக்கு.) பிரசங்கம் ஒரு வரி இல்லை. வசனம் இல்லை. ஆனால் ஆலயத்துக்குள் என்ன நடக்க வேண்டுமோ அது அந்தச் சுவருக்கு வெளியே நடக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, எழுதியவன்மேல் பெருமையாக இருந்தது.

எழுதியவன் யார் என்று கேட்கவே வேண்டாம். கைக்குட்டை தெரியும், அந்தச் சொல் தெரியும், வேற்றுக்கிரகம் தெரியும். இந்த மூன்றும் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். எங்கிருந்தோ போட்டியைக் கேள்விப்பட்டு அனுப்பியிருக்கிறான். அப்பனோடு பேச அவனுக்குக் கிடைத்த ஒரே வழி, நான் அதில் முப்பத்தொரு வட்டம் போட்டேன்.

மார்ச் 19

போனை எடுத்தேன். வைத்தேன்.

மார்ச் 20

நேற்றுப் போல.

மார்ச் 21

இன்று மணி ஒரு தடவை அடித்தது. நான்தான் வெட்டினேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயம் போக்க வருஷா வருஷம் பிரசங்கம் செய்கிற ஆள் நான்.

எமீமாளிடம், சனிக்கிழமை சென்னை போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. முறுக்கு சுடப் போய்விட்டாள்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

சென்னை, பெருங்குடி. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குருத்தோலை பிடிக்காமல் ஒரு குருத்து ஞாயிறு. ஜெரின் தூங்குகிறான். அவனுடைய சோப்பு டப்பா வைக்கிற ஸ்டூலில் வைத்து எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். நான்காம் மாடி. கதவைத் தட்டினேன். உள்ளிருந்து "யாரு?" என்றான். அந்தக் குரலைக் கேட்டு எண்பத்தொன்பது நாள். ரயிலில் ஏழெட்டு மணி நேரம் யோசித்து வைத்த முன்னுரை எல்லாம் போய்விட்டது. "நான்தான்," என்றேன். எந்த நான் என்று சொல்ல வேண்டுமே. "அப்பா," என்றேன்.

திறந்தான். மெலிந்திருக்கிறான். தாடி. முறுக்கு டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு வழிவிட்டான். உட்கார நாற்காலி இல்லை, தரையில் பாய். கைக்குட்டையை விரிக்காமல் உட்கார்ந்தேன். அவன் அதைக் கவனித்தான்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று பயமாக இருந்தது. "உன் கதைய வாசிச்சேம்லே. மொத நாள் வாசிச்சது வாசிப்பே இல்ல. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் நான் அந்தச் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது. உன்ன வெளிய போன்னு சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்மேல. மன்னிச்சிக்கோ."

அவன் முறுக்கு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "என்ன கதைப்பா?" என்றான்.

"ஒன்பதாம் எண். பரதேசி."

"நான் ஒண்ணும் எழுதலியே."

"வெளையாடாத."

"சத்தியமா எழுதலப்பா. அம்மாதான் போன மாசம், போன்ல பேசினா அதுவே எழுதிக்குமாமே, எப்படின்னு கேட்டா. சொல்லிக் குடுத்தேன். முற்றுப்புள்ளின்னு சொல்லணுமான்னுகூடக் கேட்டா. எதுக்கும்மான்னா சமையல் குறிப்புன்னா."

அது. சுவருக்கு வெளியே. போய் உட்கார்ந்தது. முற்றுப்புள்ளி.

இருபத்தாறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். கொப்பரை மூடியைத் தூக்கி என் மூக்குக்கு முன்னால் காட்டியிருக்கிறாள். வேற்றுக்கிரகத்துக்கு வாய் உண்டா என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். நான் இட்லி கல்லாக இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜெரினுக்குச் சிரிப்பு. முதலில் அடக்கினான், பிறகு முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் எழுதலங்கதால மன்னிப்பு கேன்சலாப்பா?" என்றான்.

"இல்லலே. அது உனக்குத்தான். உங்கம்மாவுக்குத் தனியாக் கேக்கணும்."

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தோம். அவன் சொன்னான்: "எனக்கு இன்னும் நம்பிக்கை வரலப்பா. வருமான்னும் தெரியல. ஈஸ்டருக்கு வந்தாலும் கோயிலுக்கு வரமாட்டேன்."

எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது 'சந்திரனில் ஒரு சாட்சி'. "வீட்டுக்கு வா," என்றேன்.

"நாலு பேரு கேப்பாங்களே. என்ன சொல்லுவிய?"

"நாக்கை விட்டுட்டேன்னு சொல்லுதேன்."

வருகிறேன் என்று சொல்லவில்லை. "லீவு கிடைக்கான்னு பாக்கேன்ப்பா," என்றான். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமல் இருக்க நாக்கைப் பல்லால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மார்ச் 25

வீட்டுக்கு வந்தபோது எமீமாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"நீதானா?" என்றேன்.

"அவன் சொல்லிட்டானா?"

"எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே."

"நேர்ல சொன்னா கேக்க மாட்டிய," என்றாள், அரிசியைப் பார்த்துக்கொண்டே. "திருத்துறதுன்னாத்தான் ஒரு எழுத்து விடாம வாசிப்பிய. அதான் திருத்தக் குடுத்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பத்தொண்ணுல இருபது அந்தப் போன் போட்ட பிழை, என்மேல எழுதாதிய," என்றாள். பதினொன்று என்று திருத்திக்கொண்டேன்.

மார்ச் 26

ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு உறையைப் பிரிக்காமலே தெரிந்திருக்கிறது. கதையை வாசித்தவர்களில் கமிட்டி ஆளை அடையாளம் தெரியாதவன் நான் ஒருவன்தானாம். முதல் பரிசு ஒன்பதுக்கே என்று முடிவு. ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் கதையைச் சபைக்கு வாசிக்க வேண்டும், "உச்சரிப்பு சுத்தமா உள்ள ஆள் நீங்கதானே சார்," என்றார் ஐயர். இந்த மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மத்தியானம் மூன்று மணி நேரம் மும்மணி ஆராதனை. ஜெரினிடமிருந்து செய்தி ஒன்றும் இல்லை. எமீமாளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் போனைப் பார்த்தோம்.

மார்ச் 31, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை முடிந்தது. நான் கதையை வாசிக்கப்போகிறேன் என்றதும் எமீமாள் எழுந்து, "எனக்குக் கூச்சமா இருக்கு, நான் போய் இட்லி ஊத்துதேன், நீங்க வாசிச்சிட்டு வாங்க," என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாசித்தேன். கமிட்டி ஆள் கைக்குட்டை விரிக்கிற இடத்தில் சபை முழுக்கச் சிரிப்பு. பின்வரிசைப் பிள்ளைகள் மூன்றாம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசித்த நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சொல்லைத் தடுமாறாமல் வாசித்தேன். கடைசி வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. ஹெலன் மிஸ் மூக்கைச் சிந்தினார், வெயில் காலச் சளி என்று சொன்னார்.

புது அலமாரி வந்துவிட்டது. தேடச் சொன்னது பன்னிரண்டு, கிடைத்தது ஒன்று, அதுவும் ஆறு பக்கம். மேல்தட்டில் வைத்து, நூலகப் பதிவேட்டில் இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டேன். ஆசிரியர்: எமீமாள் நல்லதம்பி.

வீட்டுக்கு வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வாசலில் ஒரு ஜோடி ஷூ, கிறிஸ்துமஸ் அன்று படியிறங்கிப் போன அதே ஷூ. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தட்டினேன்.

"யாரு?" என்றான் உள்ளேயிருந்து.

"பரதேசிதாம்லே," என்றேன். "கதவத் திற."

திறந்தான். அடுக்களையில் அவன் அம்மா கொப்பரை மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எனக்கு எதுவுமே தெரியவில்லை. மூன்று தடவை துடைக்க வேண்டியிருந்தது. இட்லி இன்றைக்கும் கல்தான். ஒன்பது சாப்பிட்டேன்.